இரண்டு பாட்டிகளும் கூப்பிட ஒரு பெயர்

சென்ற இதழுக்கு முந்தைய இதழில் ஒரு கடிதம். எழுதியவர் தமிழ்ப் பெண், கணவர் வேற்றுமொழிக்காரர். குழந்தைக்குப் பெயர் அமையாமல் மூன்று மாதமாகத் தவிப்பதாகச் சொல்லியிருந்தார். "பட்டியலை மூடி வையுங்கள். பிடித்த நான்கு பெயர்களை மட்டும் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள்" என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். அந்த இரண்டு வரி எனக்கு வினையாக முடிந்தது. அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயர்க் கடிதங்கள்தான். "இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் கையை விரித்துவிட்டார்.

நான் 31 ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவள். செய்தியில் தவறு வந்தால் மறுப்புக் கடிதம் வரும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் ஆளே நேரில் வந்து நிற்பார். எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். போதாததற்கு, என் மகள் வேற்றுமொழிக்காரரை மணந்துகொண்டவள். அந்தக் கதையும் இடையில் வரும். இனி கடிதங்கள்.

என் கணவர் சீன வம்சாவளியினர். வீட்டில் மாண்டரின் பேசுபவர். மகளுக்கு யாழினி என்று பெயர் வைக்க வேண்டும் என்பது என் அப்பாவின் ஆசை, எனக்கும்தான். ஆனால் நான் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியதைக் கணவர் "யாஜினி" என்று படிக்கிறார். என்ன முயன்றும் ழகரம் வரவில்லை. தந்தையாலேயே சொல்ல முடியாத பெயரை மகளுக்கு வைக்கலாமா? – ஒரு வாசகி

உங்கள் கணவருக்கு ழகரம் வராது என்று யார் சொன்னது? அவர் பிறந்ததிலிருந்து அதன் உடன்பிறப்பைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். மாண்டரினில் 'மனிதன்' என்பதற்கு என்ன சொல் என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது முதல் ஒலியை மட்டும் கவனியுங்கள். நாக்கின் நுனி மேலே வளைந்து எதையும் தொடாமல் நிற்கும். நம் ழகரம் பிறக்கும் இடமும் ஏறத்தாழ அதுதான். அமெரிக்க ஆங்கிலம் பேசுபவர்களில் பலர் 'ஆர்' என்ற எழுத்தை ஒலிப்பதும் இதே அக்கம்பக்கத்தில்தான்.

ஆக, குற்றம் அவருடைய நாக்கின் மேல் இல்லை, நீங்கள் எழுதிக் காட்டிய காகிதத்தின் மேல். ழகரத்துக்கு நாம் 'இஸட், ஹெச்' போடுகிறோம். மாண்டரினை ரோமன் எழுத்தில் எழுதும் முறையிலும் அதே இரண்டு எழுத்துகள் உண்டு, ஆனால் அங்கே அவற்றின் ஒலி நம் ஜகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பள்ளியில் படித்தபடி அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். எதையும் எழுதிக் காட்டாமல், எதிரே உட்கார வைத்து, உங்கள் வாயைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பத்து முறை சிரிப்பாக இருக்கும், பதினோராவது முறை வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

எழுத்தை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. 'இஸட், ஹெச்' போட்டால் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ஒருவிதமாகவும் சீனம் தெரிந்தவர் வேறுவிதமாகவும் படிப்பார்கள். 'எல்' போட்டால் எல்லோரும் "யாலினி" என்பார்கள். தவறுதான், ஆனால் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். தமிழ் என்ற சொல்லையே ஆங்கிலத்தில் 'எல்' போட்டுத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம், அதனால் மொழி தேய்ந்துவிடவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் 'எல்' போட்டுப் பதிந்துவிட்டு, வீட்டில் ழகரத்தோடு கூப்பிடுவேன். அப்பாவுக்கு ஒரு செய்தியும் சொல்லிவிடுங்கள்: தமிழர்களிலேயே பாதிப் பேர் அந்தப் பெண்ணை "யாளினி" என்றுதான் கூப்பிடப் போகிறார்கள். மருமகனை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

எண் கணிதப்படி பெயரில் ஓர் 'ஏ' கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். மனைவியின் வீட்டாருக்கு இதில் நம்பிக்கை இல்லை. சேர்க்கலாமா? – ஒரு வாசகர்

வேண்டாம். அந்த 'ஏ' எதற்கு என்று ஆயுள் முழுவதும் விளக்கிக்கொண்டிருக்கப் போவது உங்களுக்குச் சொன்னவர் அல்ல, உங்கள் குழந்தை.

கணவர் கொரியர். அவருடைய பாட்டி தேர்ந்தெடுத்துச் சொன்ன பெயர் 'நரி'. அவர்கள் மொழியில் லில்லி மலராம். கேட்டதும் என் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு அழுதார். நான் என்ன செய்வது? – ஒரு வாசகி

அம்மா சிரித்ததும் நியாயம், அழுததும் நியாயம். மலர் என்று நினைத்துக்கொண்டே கூப்பிட்டாலும் நம் காதில் வால்தான் ஆடும்.

இந்த வகை விபத்துக்குக் கணக்கே இல்லை. ஹீப்ரு மொழியில் 'ஷனி' செந்நிறத்தைக் குறிக்கும் அழகான பெண் பெயர். தமிழ்ப் பாட்டியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், ஏழரை ஆண்டுக்கு முகம் கொடுக்க மாட்டார். ஆங்கிலத்தில் 'ஈலை' என்று ஒலிக்கும் பெயரை, எழுத்தைப் பார்த்து நம்மவர்கள் 'எலி' என்று படித்துவிடுவார்கள். நார்வேயில் பெண்களுக்குக் 'காரி' என்று பெயர் உண்டு. முதலில் காரித் துப்புவதுதான் நினைவுக்கு வரும். கடையெழு வள்ளல்களில் ஒருவனுக்கும் அதே பெயர் என்று சொன்னால் வீட்டில் சமாதானம் ஆகலாம். வள்ளல் யாராவது கிடைக்கிறாரா என்று தேடிப் பார்ப்பது என் பழக்கம். நரிக்குத்தான் யாரும் அகப்படவில்லை.

நம் பெயர்கள் மற்றவர் வீட்டில் படும் பாட்டையும் சொல்ல வேண்டும் அல்லவா? போர்ச்சுகீசியத்தில் 'உமா' என்றால் பெண்பாலில் 'ஒரு'. ஜப்பானிய மொழியில் குதிரை. துருக்கியில் 'குமார்' சூதாட்டம். ரவிக்கு மட்டும் யோகம், பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 'பெருமகிழ்ச்சி அடைந்தவன்'.

இப்போது என் கதை. என் அம்மாவின் பெயர் மாலா. மகள் கருவுற்ற நாளிலேயே, பெண் பிறந்தால் மாலா என்று நான் முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஏழாம் மாதம் அவர்கள் வீட்டில் இருந்தபோது, சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னேன். மகள் சட்டென்று தன் கணவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசுகிற வழக்கமே இல்லை. சற்று நேரம் கழித்து எழுந்து போனவர், அலமாரியிலிருந்து கெட்டி அட்டை போட்ட ஒரு ஸ்பானிஷ் அகராதியை எடுத்துவந்து, பக்கத்தைப் பிரித்து, என் முன்னால் வைத்தார். விரலால் எதையும் காட்டவில்லை. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அச்சுப் படியைப் பார்ப்பதுபோல் வரி வரியாகத் தேடினேன். இருந்தது. ஸ்பானிஷில் 'மாலா' என்றால் கெட்டவள். உச்சரிப்பில்கூட வேறுபாடு கிடையாது. நாம் சொல்வதுபோலவே, அச்சு அசலாக மாலா.

ஒரு நாள் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. என் அம்மாவை யாரோ வைததுபோல் இருந்தது. மறுநாள் விடியும்போது வேறொன்று தோன்றியது: அந்தப் பெண் பள்ளிக்குப் போவாள், பாட்டி வீட்டுக்குப் போவாள், தெருவில் விளையாடுவாள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அந்த ஊர்க் காதில் விழப்போவது 'ஏய், கெட்டவளே'. அகராதியை நானே கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன்.

கடைசியில் அனிதா என்று வைத்தார்கள். சம்பந்தியம்மாளின் பெயர் ஆனா. அவர்கள் மொழியில் 'அனீத்தா' என்றால் 'குட்டி ஆனா'. நமக்கும் பழக்கமான பெயர். ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதை 'அனீட்டா' என்று டகரம் போட்டுச் சொல்வார்கள். ஸ்பானிஷ்காரர்களின் நாக்கு பல்லைத் தொடும், நம் தகரத்தைப்போலவே. அதனால் இரண்டு பாட்டிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் கூப்பிடுகிறோம். என் அம்மாவின் பெயர் வரவில்லை என்ற குறை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பேத்திக்கு இரண்டு வயது இருக்கும்போது, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "மாலா" என்று ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கொரியப் பாட்டியிடம் நேராகப் போய், இந்தச் சொல் எங்கள் மொழியில் என்ன விலங்கு என்பதைச் சொல்லுங்கள். படம் இருந்தால் படத்தையும் காட்டுங்கள். அவர் தேர்ந்தெடுத்தது ஒரு மலரைத்தானே, ஓர் ஒலியை அல்லவே? லில்லிக்கு நெருக்கமாக ஒலிக்கும் அல்லி என்று தமிழில் வைத்துவிட்டால், பூ வேறானாலும் அவர் சொன்ன பெயரை ஏறத்தாழ வைத்ததாக ஆகும். அந்த லகர இரட்டிப்பு அவர் வாயில் எப்படி வருகிறது என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா மொழியிலும் ஒலிக்கக்கூடிய பெயர்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா? – ஒரு தம்பதி

எல்லா மொழியிலும் ஒலிக்கும் பெயர் என்று ஒன்று கிடையாது. உங்கள் வீட்டில் எத்தனை மொழி? இரண்டா, மூன்றா? அவற்றுக்கு மட்டும் பாருங்கள். தாராவை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு விண்மீன், அயர்லாந்துக்காரர்களுக்குப் பழைய அரசர்களின் குன்று. லீலாவுக்கும் அரபு லைலாவுக்கும் பொருளில் உறவு இல்லை, காதுக்கு அக்காள் தங்கை. மீரா பல நாடுகளில் செல்லும். ஸ்பானிஷ் வீட்டில் மட்டும் 'பார்!' என்று கட்டளையிட்டதுபோல் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கவின். நமக்கு அழகு. ஐரிஷ் மூலத்திலிருந்து வந்த கெவின் என்ற பெயரின் முதற்பகுதிக்கும் அழகு, இனிமை, அன்புக்குரியது என்ற பொருள்கள்தான். ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மொழிகள், ஒலியிலும் பொருளிலும் இவ்வளவு நெருங்கி வந்து நிற்கின்றன. இப்படி ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் மேற்கொண்டு தேடாதீர்கள்.

எழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயா என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஜெர்மானியர் 'யாயா' என்று தொடங்குவார், ஸ்பானியர் 'ஹாயா' என்பார். ஒரே 'ஜே' எழுத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேலை. பிரெஞ்சில் 'ஹெச்' ஒலிக்காது, ஹரி அங்கே போனால் அரி ஆகிவிடுவான். தமிழ் அந்த வேலையை முன்பே செய்து முடித்துவிட்டது என்பது வேறு செய்தி.

முதல் பேரனுக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்பது என் அப்பாவின் விருப்பம். என் மனைவியின் குடும்பம் யூதக் குடும்பம். உயிரோடு இருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைக்கவே கூடாது என்கிறார்கள். அப்பா இதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். – ஒரு வாசகர்

அப்பாவின் பக்கம் மொழியே சாட்சி சொல்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி, பெயர்த்தி. பெயர் வைக்காவிட்டால் பேரன் என்று எப்படிக் கூப்பிடுவது என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அவமானம் என்று எடுத்துக்கொண்டது தவறு. நேர் எதிர். மத்திய, கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களிடையே உயிரோடு இருக்கும் உறவினரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில்லை. அவர் ஆயுளுக்கு ஆகாது என்ற அச்சம். மறைந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த செபார்டி யூதர்கள் நம்மைப்போல, இருக்கும் தாத்தா பாட்டி பெயரையே பெருமையாக வைக்கிறார்கள். ஒரே சமயத்துக்குள்ளேயே இரண்டு வழி. ஆகவே சம்பந்தி வீட்டார் உங்கள் அப்பாவை மறுக்கவில்லை, அவர் நூறாண்டு இருக்க வேண்டும் என்று பயப்படுகிறார்கள். இதை நீங்கள் சொல்வதைவிட அவர்களே அவரிடம் சொல்வது நல்லது.

வழி ஒன்று இருக்கிறது. உங்கள் தாத்தாவின் பெயரை வையுங்கள். அவர் மறைந்துவிட்டவர், அதனால் அந்தப் பக்கம் தடை இல்லை. உங்கள் அப்பாவுக்கும் தன் தந்தையைத் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பாக்கியம் கிடைக்கும். முரண்டு பிடித்தால் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். குழந்தையைக் கையில் வாங்கிய பிறகு எத்தனையோ பிடிவாதங்கள் தளர்ந்துவிடுகின்றன.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து மட்டும்தான். கணவரின் நாட்டுப் படிவத்தில் குழந்தைக்குக் குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது. என் பெயரையா, என் அப்பா பெயரையா, கணவரின் பெயரையா? – ஒரு வாசகி

தாய் பெயர், தாத்தா பெயர், தகப்பன் பெயர் எல்லாவற்றையும் இழுத்து ஒரு கட்டத்தில் அடைக்கிறார்கள், என்ன செய்வது!

தலைப்பெழுத்து முறையைப் பார்த்து உலகம் முழிப்பதுபோல் நமக்குத் தோன்றும். நாம் மட்டும் தனி இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரோடு, அல்லது தாய் பெயரோடு, 'மகன்', 'மகள்' என்று பொருள்படும் விகுதியைச் சேர்த்துக்கொள்வார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் கடைசிப் பெயர் வேறாகத்தான் இருக்கும். தொலைபேசிப் பட்டியலிலும் முதற்பெயர் வரிசைதான். ஸ்பானிஷ் மரபில் குழந்தைக்கு இரண்டு குடும்பப் பெயர்கள், தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. திருமணமானதும் பெண் பெயரை மாற்றிக்கொள்வதும் அங்கே இல்லை. என் மகளுக்கு அது மட்டும் வசதியாகப் போயிற்று. சீனர், கொரியர், ஜப்பானியர், ஹங்கேரியர் ஆகியோர் குடும்பப் பெயரை முன்னால் வைக்கிறார்கள், நாம் தலைப்பெழுத்தை வைப்பதுபோல.

நடைமுறைக்கு வருகிறேன். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் உள்ள கடவுச்சீட்டோடு அமெரிக்க விசா வாங்கினால், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கத்தை அச்சடித்துவிடுவார்கள். பிறகு வங்கி முதல் பள்ளி வரை அந்த மூன்றெழுத்தையே பெயராக நினைத்துக் கூப்பிடுவார்கள். நீளத்தையும் பாருங்கள். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்குக் கிடைப்பது 39 மட்டுமே. குடும்பப் பெயர், முதற்பெயர், இடைவெளி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோரையும் ஏற்றினால் யாராவது ஒருவர் கழுத்தோடு வெட்டுப்படுவார்.

யார் பெயர் என்பதை நான் சொல்ல மாட்டேன். எதை எழுதினாலும் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, பள்ளிப் பதிவேடு மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். என் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கிறது. ஊரார் பெயரையெல்லாம் திருத்தியவளுக்குத் தன் பெயரைத் திருத்த முடியவில்லை.

நாங்கள் விரும்பும் பெயரைப் பதிவு அலுவலர் மறுக்க முடியுமா? – ஒரு வாசகர்

நாட்டைப் பொறுத்தது. ஐஸ்லாந்தில் 1991இல் இதற்கென்றே ஒரு பெயர்க் குழு அமைத்தார்கள். பட்டியலில் இல்லாத புதுப் பெயர் அவர்கள் மொழியின் வேற்றுமை உருபை ஏற்குமா என்று பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். இலக்கணம் படித்தவள் என்ற முறையில் எனக்கு அந்தக் குழுவின் மேல் சற்றுப் பிரியம் உண்டு. தமிழுக்கு அந்தக் கவலை இல்லை. எந்தப் பெயரின் பின்னாலும் 'கு' ஒட்டிக்கொள்ளும்.

ஜெர்மனியில் நம் நாட்டுப் பெயர் ஒன்றே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பெண் குழந்தைக்குக் கிரண் என்று வைக்க விரும்பினார்கள் பெற்றோர். அது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, பாலைக் காட்டும் இரண்டாவது பெயர் வேண்டும் என்றது பதிவு அலுவலகம். பெயர் பாலைக் காட்டியே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை என்று கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம் 2008 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கிரண் கிரணாகவே இருந்தாள்.

இந்தியாவில் அவசரப்படவே வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், அப்போது பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். பெயர் முடிவாகாமல் இரு வீட்டாரும் மோதிக்கொண்டிருந்தால், அந்த ஓராண்டு சண்டைக்குப் போதும்.

காகிதத்தில் அவர்கள் வைத்த பெயர், வீட்டில் நாங்கள் வைத்த பெயர் என்று இரண்டு வைத்துவிட்டோம். குழந்தை குழம்பிவிடுமா? – ஒரு பாட்டி

குழம்பாது. வங்காளிகள் ஆளுக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூப்பிட ஒன்று, நல்ல பெயர் என்று வெளியுலகுக்கு ஒன்று. குழந்தைக்கு யார் எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே ஆள் அடையாளம் தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: அவர்கள் வைத்த பெயரையும் நீங்கள் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். 'எனக்கு அது வாயில் நுழையாது' என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பாட்டிகளை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான்.

ழகரத்தை விடலாம், எழுத்தை மாற்றலாம், பாதித் தமிழ்ப் பெயர் போதும் என்றெல்லாம் கலப்புக் குடும்பங்களில் போகிற போக்கில் சொல்கிறார்கள். பெயரில்கூடத் தமிழ் நிற்காவிட்டால் வேறு எங்கே நிற்கும்? – கோபத்துடன் ஒரு வாசகர்

உங்கள் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் பிற மொழிப் பெயரைக் கண்டு தமிழ் என்றைக்கு அஞ்சியது?

லட்சுமணன் வந்தான், கம்பர் அவனை இலக்குவன் ஆக்கினார். விபீஷணன் வீடணன் ஆனான். வடசொல் வந்தால் வடவெழுத்தை நீக்கிவிட்டு நம் எழுத்தால் எழுதிக்கொள் என்று தொல்காப்பியரே வழி வகுத்துவிட்டார். ஷெய்கு அப்துல் காதிர் என்ற அரபுப் பெயர் தமிழ் வாயில் புரண்டு புரண்டு சீதக்காதி ஆனது. இன்று செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று சொல்லும்போது அது வந்த பெயர் என்று யாருக்காவது தோன்றுகிறதா?

கிறித்தவர்கள் செய்தது இதைவிடச் சுவையானது. ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்தார்கள். பவுல் என்பது லத்தீனில் 'சிறியவன்' என்பதிலிருந்து வந்தது, அவர் சின்னப்பர் ஆனார். ஸ்தேவானின் கிரேக்க மூலத்துக்கு முடி, மகுடம் என்று பொருள், முடியப்பர் ஆனார். யோவான் என்ற ஹீப்ருப் பெயருக்கு 'கடவுள் அருளினார்' என்று பொருள், அருளப்பர் ஆனார். லாசர் என்பது 'கடவுளின் உதவி'. 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஒருவருக்கு அதைத் தேவசகாயம் என்று வைத்தார்கள். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோதும் உலகம் அந்தப் பெயரைத்தான் உச்சரித்தது. கான்ஸ்டன்டைன் பெஸ்கி என்ற இத்தாலியர் முதலில் தைரியநாதர் ஆனார், பிறகு வீரமாமுனிவர் என்று அறியப்பட்டார். என்னுடன் வேலை பார்த்த அச்சுக்கோப்பவர்களில் ஒரு முடியப்பன் இருந்தார். தன் பெயருக்குள் கிரேக்கம் இருப்பது தெரியாமலே பணி ஓய்வு பெற்றார். நானும் சொல்லவில்லை, அப்போது எனக்கும் தெரியாது.

அந்த மரபில் வந்தவர்கள்தான் இன்றைய கலப்புக் குடும்பங்களும். யாழினியை 'எல்' போட்டு எழுதச் சொன்னது விட்டுக்கொடுத்தது ஆகாது. கூப்பிடும்போது ழகரம் வேண்டும் என்றுதானே அந்தக் கணவரை எதிரே உட்கார வைத்தேன்? இந்தப் பகுதியின் முதல் பதிலை நீங்கள் தாண்டிவிடாமல் படியுங்கள்.

எனக்கு 14 வயது. அப்பா வேறு நாட்டவர், அம்மா தமிழ். என் பெயரை வகுப்பில் யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஆசிரியர் வருகைப் பதிவில் என் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். நானே 'உள்ளேன்' என்று சொல்லிவிடுகிறேன். எளிதான பெயராக மாற்றிக்கொள்ளலாமா? – ஒரு மாணவி

மாற்றிக்கொள்ளலாம். 18 வயது ஆகட்டும். அப்போதும் மாற்றத் தோன்றினால் முறைப்படி மாற்றிக்கொள், யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. உன் அம்மாவும் அப்பாவும் எத்தனை இரவு உட்கார்ந்து அந்தப் பெயரைத் தேடினார்கள் என்று எழுதி உன்னைக் கட்டிப்போட மாட்டேன். அது அவர்கள் பாடு.

அதுவரை ஒன்று செய்து பார். அடுத்த முறை ஆசிரியர் நிறுத்தும்போது 'உள்ளேன்' சொல்லாதே. உன் பெயரைச் சொல். மெதுவாக, அசை அசையாக, ஒரு முறை. அவர் திரும்பச் சொல்லும்வரை உட்காராதே. இரண்டாம் நாளும் தவறினால் இரண்டாம் நாளும் சொல். வெட்கமாகத்தான் இருக்கும், ஒரு வாரம் போகட்டும்.

கடிதத்தின் அடியிலும் நீ பெயர் போடவில்லை, 'ஒரு மாணவி' என்று மட்டும் இருக்கிறது. அச்சில் போட மாட்டேன், எனக்கு மட்டும் எழுது. எந்த எழுத்தில் அழுத்தம், எது நெடில், எது குறில் என்று குறித்து அனுப்பு.